ஐபிடி அறுவைக்குப் பிந்தைய விளைவுகள்: பழைய ஃபைல்களில் யாரை, எதை, எப்படி எண்ணுவது? (டர்பன்)

உம்கேனிக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டர்பனில் அரசு மருத்துவமனை ஒன்றில் அறுவைப் பிரிவு ரெஜிஸ்ட்ரார் நான். எம்.மெட் (சிறப்பு மருத்துவ முதுநிலைப் பட்டம்) ஆய்வுக்கு எடுத்திருக்கும் தலைப்பு: குடல் அழற்சி நோய்க்கு, அதாவது ஐபிடிக்கு, குடல் அறுவை செய்துகொண்டவர்களின் பிந்தைய நிலை. பத்து வருட ஃபைல்களைப் பின்னோக்கிப் புரட்டும் ஆய்வு. குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டும் சேர்த்து எழுபது பேர் தேறலாம்.

இப்போதைய திட்டம் இதுதான். கணினியில் ஐசிடி-10 நோய்க் குறியீடு கே50 (குரோன்), கே51 (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) போட்டு, அதில் குடலை வெட்டியெடுத்தவர்களைப் பிரித்துக்கொள்வது. 30 நாளுக்குள் வந்த சிக்கல், இணைப்புக் கசிவு (வெட்டிச் சேர்த்த இடத்தில் குடல் விட்டுக் கசிவது), மறு சேர்க்கை, இறப்பு நான்கையும் குறித்துக்கொள்வது. அறுவைக்கு முன் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற பயாலஜிக் மருந்து (அழற்சியைத் தணிக்கும் உயிரியல் ஊசி) போட்டவர்களுக்குக் கசிவு கூடுதலா என்று லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (பல காரணிகளைச் சேர்த்துப் பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டுப் பார்ப்பது.

இந்தக் குறியீட்டுத் தேடலே போதுமா? சிக்கல்களை எந்த அளவுகோலில் தரம் பிரிப்பது? பயாலஜிக் கேள்விக்கு எழுபது பேரில் விடை கிடைக்குமா? ஸ்டோமா (குடலை வயிற்றுத் தோலில் திறந்து பை மாட்டுவது) சம்பந்தமாக எதையாவது சேர்க்க வேண்டுமா? இந்த வேலையைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தையல்காரன் எழுதியது:

தம்பி, குறியீட்டை மட்டும் நம்பி இறங்கினால் முதல் படியிலேயே ஆய்வு சாய்ந்துவிடும். காரணம் சொல்கிறேன். நள்ளிரவில் குடல் ஓட்டையாகி வருகிறவருக்கு வார்டில் எழுதும் குறியீடு கே65, பெரிடோனைட்டிஸ், அல்லது கே63.1, குடல் துளை. குரோன் என்பது திசு அறிக்கை வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் அவர் வீட்டுக்குப் போயிருப்பார், இல்லையென்றால் இறந்திருப்பார். யாரும் திரும்பிப் போய்க் குறியீட்டைத் திருத்துவதில்லை. அப்படி விட்டுப்போகிறவர்கள் எல்லாரும் அவசர கேஸ்கள். அவர்களை விட்டுவிட்டு எண்ணினால் உங்கள் இறப்பு விகிதம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும்.

மூன்று இடத்திலிருந்து பெயர் எடுங்கள்: தியேட்டர் பதிவேடு, என்.எச்.எல்.எஸ் (தேசிய அரசு ஆய்வகச் சேவை) ஆய்வகத்தின் திசு அறிக்கைகள், ஐசிடி குறியீடு. மருத்துவமனை எண்ணை வைத்து மூன்றையும் ஒட்டுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத ஒவ்வொருவரின் ஃபைலையும் திறந்து பாருங்கள். எந்த இடத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், யார் ஏன் கழிந்தார்கள் என்று ஒரு படமாகப் போட்டுவிட்டால் தேர்வாளர் அந்தப் பக்கமே கேள்வி கேட்க மாட்டார்.

அடுத்தது, குரோனையும் கொலைட்டிஸையும் ஒரே அட்டவணையில் குழைக்காதீர்கள். இரண்டுக்கும் அறுவையே வேறு. கடுமையான கொலைட்டிஸில் செய்வது பெரும்பாலும் சப்டோட்டல் கொலெக்டமி (பெருங்குடலின் பெரும்பகுதியை எடுப்பது), எண்ட் இலியோஸ்டமி (சிறுகுடல் முனையை வயிற்றுத் தோலில் திறந்து விடுவது). மலக்குடல் உள்ளேயே இருக்கும். அங்கே இணைப்பே கிடையாது, கசிவு எங்கிருந்து வரும்? அங்கே பார்க்க வேண்டியது மலக்குடல் முனையின் தையல் விட்டுப்போவது, இடுப்புக்குள் சீழ், ரத்த உறைகட்டி. கசிவு விகிதத்துக்குக் கீழ் எண் (வகுக்கும் எண்) இணைப்பு போட்டவர்கள் மட்டும். எழுபதில் முப்பது பேருக்கு இணைப்பு இல்லையென்றால் உங்கள் கீழ் எண் நாற்பதுதான்.

கொலைட்டிஸ் பக்கத்தில் தவறாமல் எடுக்க வேண்டியது நேரம். சேர்ந்த நாளில் கடுமையை அளக்கும் ட்ரூலவ்-விட்ஸ் அளவுகோல்: ஒரு நாளில் 6 முறைக்குக் குறையாமல் ரத்தத்தோடு மலம் போவது, அதோடு நாடி 90க்கு மேல், காய்ச்சல் 37.8க்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ், இஎஸ்ஆர் 30க்கு மேல் என்பவற்றில் ஒன்றாவது. பிறகு ஸ்டீராய்டு ஊசி தொடங்கிய 3ஆம் நாள் நிலவரம். அன்று 8 முறைக்கு மேல் போனாலோ, 3 முதல் 8 முறை போய் சிஆர்பி 45க்கு மேல் இருந்தாலோ, அந்தச் சேர்க்கையிலேயே பெருங்குடலை எடுக்க நேரும் வாய்ப்பு 85 சதம் என்று ஆக்ஸ்ஃபோர்டு குழு 1996இல் காட்டியது. 3ஆம் நாளிலிருந்து கத்தி வைத்த நாள் வரை எத்தனை நாள் ஓடியது, அதில் எத்தனை நாள் மருந்துக்காகக் காத்தது, எத்தனை நாள் தியேட்டருக்காகக் காத்தது என்று பிரித்து எழுதுங்கள். நம் ஊர் அரசு மருத்துவமனைக்கு இதைவிட உருப்படியான கேள்வி கிடையாது என்பேன். பயாலஜிக் கேள்வியை அமெரிக்காக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அறுவைக்கு முந்தைய நிலவரத்தில் விடக்கூடாதவை: ஆல்புமின் லிட்டருக்கு 30 கிராமுக்குக் கீழா, ஆறு மாதத்தில் எடை 10 சதத்துக்கு மேல் இறங்கியதா, பிரெட்னிசோலோன் நாளுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஆறு வாரத்துக்கு மேல் ஓடியதா, ஹீமோகுளோபின், புகைப்பழக்கம், எச்ஐவி இருந்தால் சிடி4, வைரல் லோடு, மருந்தில் இருக்கிறாரா, குரோனில் அறுவைக்கு முன்பே வயிற்றுக்குள் சீழ் இருந்ததா. நோயின் பரப்புக்கு மான்ட்ரியல் வகைப்பாடு.

சிக்கலுக்குக் கிளேவியன்-டிண்டோ தரவரிசை (1 முதல் 5 வரை) போதும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. அது சிகிச்சையை வைத்துத் தரம் பிரிக்கிறது. ஒரே சீழுக்கு, சிடி ஸ்கேன் பார்த்து ஊசிக்குழாய் போடும் ஆள் இருக்கும் இடத்தில் 3ஏ. ஆள் இல்லாத இடத்தில் மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்தால் 3பி. ஐசியு கட்டில் கிடைக்காமல் வார்டிலேயே சிறுநீரகம் செயலிழந்தவர் தரம் 4இல் வராமலே போகலாம். அதனால் தரத்துக்குப் பக்கத்தில் நடந்தது என்ன என்பதையும் அட்டவணையில் ஒரு பத்தியில் (நெடுவரிசையில்) எழுதுங்கள்: சீழ், கிரியாட்டினின், எந்த நாளில், எந்தச் சிகிச்சை. இன்னொன்று, அறுவைக்கு முன்பே தொடங்கி நடந்துகொண்டிருந்த டிபிஎன்னை (ரத்தக்குழாய் வழி ஊட்டத்தை) தரம் 2 சிக்கலாக எண்ணிவிடாதீர்கள். நிறைய ஆய்வுகளில் அந்தக் குளறுபடி உண்டு.

குரோனில் கசிவா பழைய சீழின் மிச்சமா என்று ஃபைலைப் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். இணைப்பு விட்டது, வயிற்றுக்குள் சீழ், குடல்-தோல் ஃபிஸ்டுலா (குடலிலிருந்து தோலுக்குத் திறக்கும் வழி) மூன்றையும் சேர்த்து "வயிற்றுள் தொற்றுச் சிக்கல்" என்று ஒரே விளைவாக வையுங்கள். கசிவை அதற்குள் தனியாகக் காட்டலாம்.


திசுக்கண்ணாடி எழுதியது:

மேலே சொன்னதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் ஃபைலில் குரோன் என்று எழுதியிருப்பது குரோன்தானா?

இங்கே காசநோய் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. இலியம்-சீக்கம் பகுதியில் டிபியும் குரோனும் ஒரே முகத்தோடு வரும். இறுகிய குடலை வெட்டி அனுப்புவார்கள், அறிக்கையில் "கிரானுலோமா உள்ளது, குரோன் நோயுடன் பொருந்துகிறது" என்று ஒரு வரி இருக்கும் (கிரானுலோமா என்பது அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு). அந்த வரி நோய் உறுதி ஆகாது. கண்ணாடித் தகடுகளை ஆய்வகத்திலிருந்து எடுத்து, பழைய அறிக்கையைக் காட்டாமல் ஒரு பேத்தாலஜிஸ்டிடம் மறுபடி பார்க்கக் கொடுங்கள். டிபியில் கிரானுலோமாக்கள் பெரியவை, 400 மைக்ரானுக்கு மேல் போகும், எண்ணிக்கையில் அதிகம், ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும், நடுவில் பாலாடை போலச் சிதைவு இருக்கும், புண்ணின் ஓரத்தில் எபிதீலாய்டு செல்கள் வரிசை கட்டியிருக்கும். குரோனில் சிறியவை, சிலவே, சிதறி நிற்கும். நிணக்கட்டிகளையும் கட்டாயம் பாருங்கள். குடல் சுவரில் ஒன்றும் தெளிவாக இல்லாமல் நிணக்கட்டியில் மட்டும் சிதைவுள்ள கிரானுலோமா இருந்தால் அது டிபிதான் என்ற பக்கம் சாயும்.

சீல்-நீல்சன் சாயத்தில் டிபி கிருமி தெரியவில்லை, ஜீன்எக்ஸ்பெர்ட் (கிருமியின் டிஎன்ஏ தேடும் சோதனை) நெகட்டிவ் என்பதால் டிபி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. குடல் திசுவில் இரண்டுமே தவறவிடும். பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். கல்ச்சருக்கு முழுத் துண்டையும் ஃபார்மலினில் போட்டிருந்தால் கதை முடிந்தது. தியேட்டரிலேயே ஒரு சிறு துண்டை சலைனில் தனியாக அனுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். இனிமேல் வரும் கேஸ்களுக்காவது அந்தப் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

சந்தேகத்துக்குரியவர்களை மூன்று தட்டில் பிரிக்கச் சொல்வேன்: உறுதியான குரோன், இருக்கக்கூடிய குரோன், பிரிக்க முடியாதது. டிபி மருந்து முழுதாக எடுத்தும் நோய் தொடர்ந்ததா, மருந்தில் புண் ஆறி திரும்பி வரவே இல்லையா என்பதையும் ஃபைலில் தேடுங்கள். ஆறித் திரும்பாதவர் டிபி, குறியீடு ஏ18.3. முதல் கணக்கு எல்லாரையும் வைத்து, இரண்டாவது கணக்கு உறுதியானவர்களை மட்டும் வைத்து. இரண்டிலும் விடை ஒன்றாக வந்தால் நிம்மதி. அறுவைக்குப் பின் நோய் திரும்பாதவர்கள் உங்கள் பட்டியலில் அளவுக்கு மீறி இருந்தால், டிபி நோயாளிகள் குரோன் பெயரில் உள்ளே இருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

கொலைட்டிஸ் பக்கம் அமீபாவை மறக்க வேண்டாம். டர்பனில் அமீபா நோய்க்கென்றே தனி ஆய்வுப் பிரிவு இயங்கிய காலம் உண்டு. இப்போது யாரும் அதை நினைப்பதே இல்லை, அதுதான் ஆபத்து. அமீபா கொலைட்டிஸுக்கு அல்சரேட்டிவ் என்று ஸ்டீராய்டு போட்டால் குடல் ஓட்டையாகும். வெட்டியெடுத்த குடலில் புண்ணின் மேலிருக்கும் கசடைப் பிஏஎஸ் சாயத்தில் பார்த்தால், ரத்தச் சிவப்பணுவை விழுங்கிய டிராஃபோசோயிட் அடர் சிவப்பில் தெரியும். சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கசடைக் கழுவித் தள்ளியிருந்தால் தெரியாது. ஸ்டீராய்டுக்கு அசையாத கேஸ்களில் சிஎம்வி வைரஸ் பார்த்தார்களா, மலத்தில் சி. டிஃபிசில் பாக்டீரியா பார்த்தார்களா என்பதையும் ஒரு பத்தியாக வையுங்கள்.


உம்கேனிக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. தகடுகளைத் திரும்பப் பார்ப்பதற்குப் பிரிவுத் தலைவரிடம் பேசுகிறேன். ஆனால் பயாலஜிக் கேள்வியை விட மேற்பார்வையாளர் சம்மதிக்கவில்லை. பிரசுரம் ஆகும் என்றால் அதுதான் ஆகும் என்கிறார்.


எண்சுவடி எழுதியது:

பிரசுரம் ஆகலாம், சரியாக இருக்காது. ஏன் என்று கணக்கில் காட்டுகிறேன்.

தையல்காரன் அண்ணா சொன்னபடி இணைப்பு போட்டவர்கள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 3 பேருக்குக் கசிவு என்றால் விகிதம் 7.5 சதம். அதன் 95 சத நம்பிக்கை எல்லை, வில்சன் முறையில், 2.6இலிருந்து 19.9 வரை. ஒரு கசிவுகூட இல்லையென்றாலும் "எங்களிடம் கசிவே இல்லை" என்று எழுத முடியாது. நிகழ்வு பூஜ்யமானால் மேல் எல்லைக்கு 3ஐ ஆள் எண்ணிக்கையால் வகுப்பது எளிய விதி; 3ஐ 40ஆல் வகுங்கள், 7.5 சதம் வரை இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள். மூன்று நிகழ்வை வைத்துக்கொண்டு பயாலஜிக், ஸ்டீராய்டு, ஆல்புமின், அவசர அறுவை, புகை என்று ஐந்து மாறிகளை ரிக்ரெஷனுக்குள் தள்ளினால் மென்பொருள் ஏதோ ஒரு எண்ணைத் துப்பும். ஆட்ஸ் ரேஷியோ (ஆபத்து எத்தனை மடங்கு என்ற அளவு) 14, எல்லை 0.6 முதல் 300 என்பது மாதிரி. ஒரு மாறிக்குக் குறைந்தது 10 நிகழ்வு என்பது பழைய விதி. அது ரொம்பக் கறார் என்று வாதாடுகிறவர்கள்கூட மூன்றுக்கு ஐந்து என்றால் சிரிப்பார்கள்.

அதோடு முடியவில்லை. பயாலஜிக் யாருக்குக் கிடைக்கிறது? நோய் முற்றியவருக்கு, ஸ்டீராய்டு தோற்றவருக்கு. நம் நாட்டில் இன்னொரு சல்லடையும் உண்டு: மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருப்பவருக்கு. குரோனும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் கட்டாய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருந்தாலும் எந்தத் திட்டம் எந்த மருந்துக்குக் கட்டும் என்பது வேறு கதை. ஆகவே "பயாலஜிக் ஆம், இல்லை" என்ற பத்தி மருந்தை அளக்கவில்லை. நோயின் கடுமையையும் பையில் இருக்கும் ராண்டையும் சேர்த்து அளக்கிறது.

இந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை தேடிய ஆய்வு புச்சினி. 17 மையங்கள், 947 நோயாளிகள், முன்னோக்கிய ஆய்வு, 2022இல் வெளிவந்தது. அறுவைக்கு முந்தைய 12 வாரத்துக்குள் டிஎன்எஃப் தடுப்பி (இன்ஃப்ளிக்சிமாப் வகை மருந்து) எடுத்தவர்களில் தொற்று 18.1 சதம், எடுக்காதவர்களில் 20.2 சதம். ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்தார்கள், அதுவும் தொற்றோடு ஒட்டவில்லை. 947 பேரை வைத்து அவர்கள் சொன்னதை 40 பேரை வைத்து நீங்கள் மறுக்கவும் முடியாது, உறுதிப்படுத்தவும் முடியாது. பயாலஜிக்கை விவரிக்கும் பத்தியாக மட்டும் வையுங்கள்: எந்த மருந்து, கடைசி ஊசிக்கும் அறுவைக்கும் இடையே எத்தனை வாரம். மேற்பார்வையாளருக்கு இந்தப் பாராவைக் காட்டலாம்.

இனி, ஃபைல் ஆய்வில் எல்லாரும் வழுக்கி விழும் இரண்டு இடங்கள்.

பவுச் அறுவை (பெருங்குடலை எடுத்த பின் சிறுகுடலாலேயே உள்ளே மலப்பை கட்டுவது) செய்தவர்களைப் பாருங்கள். கொலைட்டிஸ் என்று பவுச் கட்டுகிறோம். இரண்டு வருடம் கழித்து ஃபிஸ்டுலா வந்து பவுச் கெட்டுப்போகிறது. "அப்படியானால் இது குரோன்தான்" என்று பெயரை மாற்றுகிறோம். பிறகு ஆய்வு செய்கிறவர் "குரோன் நோயாளிகளை விலக்கினோம்" என்று அவரைக் கழித்துவிடுகிறார். கெட்டுப்போனவர்களையெல்லாம் பெயர் மாற்றி வெளியே தள்ளிவிட்டு, மிச்சம் இருப்பவர்களிடம் பவுச் நன்றாக இருக்கிறது என்று சொல்வது என்ன நியாயம்? அறுவை நாளன்று என்ன நோய் என்று நினைத்து வெட்டினார்களோ அந்தப் பெயரிலேயே எண்ணுங்கள். பிற்காலப் பெயர் மாற்றத்தைத் தனி விளைவாகக் காட்டுங்கள். திசுக்கண்ணாடி சொன்ன மறுபார்வையும் வெட்டியெடுத்த அந்தத் திசுவையே பார்ப்பதாகவும், விளைவு தெரியாதவர் பார்ப்பதாகவும் இருக்க வேண்டும். அவர் சொன்ன டிபி மருந்து விவரம் மட்டும் பிற்காலத் தகவல். அதனால்தான் அதை இரண்டாவது கணக்கில் வைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கடிகாரத்தை எங்கே தொடங்குவது. மூன்று கட்ட அறுவையை (பெருங்குடலை எடுப்பது, பவுச் கட்டுவது, ஸ்டோமாவை மூடுவது) முடித்தவர்களை மட்டும் எடுத்து "இறப்பு பூஜ்யம்" என்று எழுதுகிறார்கள். முதல் கட்டத்தில் இறந்தவர் மூன்றாம் கட்டத்துக்கு எப்படி வருவார்? முதல் கொலெக்டமி நாளில் தொடங்குங்கள். அந்த நாளில் இருந்த எல்லாரும் கணக்கில். அதற்குப் பிறகு எத்தனை பேர் பவுச் வரை போனார்கள், எத்தனை பேர் பையோடே நின்றுவிட்டார்கள், எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்பதுதான் உங்கள் விளைவு.

காணாமல் போனவர்கள் பெரிய ஓட்டை. எம்பங்கேனியிலிருந்து வந்து டர்பனில் அறுவை செய்தவர், சிக்கல் வந்தால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். உங்கள் ஃபைலில் மறு சேர்க்கை இல்லை என்று இருக்கும். "30 நாளில் மறு சேர்க்கை 9 சதம்" என்று எழுதாமல் "எங்கள் மருத்துவமனைக்கே திரும்பியவர்கள்" என்று எழுதுங்கள், 30ஆம் நாளுக்குப் பிறகு ஒரு தடவையாவது வெளிநோயாளிப் பிரிவில் பார்த்த பதிவு எத்தனை பேருக்கு உண்டு என்பதையும் போடுங்கள். இறப்புக்கு வழி இருக்கிறது: 13 இலக்க அடையாள எண்ணை வைத்துத் தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டோடு ஒட்டிப் பார்க்கலாம். நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டுவிட வேண்டும், பிறகு சேர்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும். இறப்பை 30 நாளோடு நிறுத்தாமல் 90 நாள் வரை எடுங்கள்.

மருத்துவமனையில் தங்கிய நாட்களுக்குச் சராசரி போடாதீர்கள். மீடியன், அதன் கால்பங்கு எல்லைகள். ஒருவர் ஃபிஸ்டுலாவோடு நாலு மாதம் படுத்திருந்தால் சராசரி கெட்டுவிடும்.


தையல்காரன் எழுதியது:

எண்சுவடி சொல்வதில் ஒன்றே ஒன்றுக்கு என் மறுப்பு. கசிவுக்கு ரிக்ரெஷன் வேண்டாம், சரி. ஆனால் "தரம் 3 அல்லது அதற்கு மேல்" என்ற விளைவுக்கு எழுபது பேரில் பதினைந்து, இருபது நிகழ்வு வரலாம். அவசரமா திட்டமிட்டதா, ஆல்புமின் 30க்குக் கீழா மேலா என்று இரண்டே மாறி வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை.


எண்சுவடி எழுதியது:

இரண்டு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஃபைலைத் திறப்பதற்கு முன்பே எந்த இரண்டு என்று நெறிமுறையில் எழுதிவிட வேண்டும். பத்து மாறியைத் தனித்தனியாகச் சோதித்து, பி மதிப்பு குறைந்ததைப் பொறுக்கி உள்ளே போடும் வேலை கூடாது. இன்னொன்று, ஆல்புமினை 30இல் வெட்டாமல் எண்ணாகவே விடுங்கள். 29க்கும் 31க்கும் இடையே கோடு கிழிக்க உடம்புக்குத் தெரியாது.


பைக்கட்டு எழுதியது:

ஸ்டோமா நர்ஸ் பக்கத்திலிருந்து. நீங்கள் எல்லாரும் வயிற்றுக்குள்ளேயே நிற்கிறீர்கள், இலியோஸ்டமிக்காரர்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு இழுத்து வருவது பெரும்பாலும் நீரிழப்பு. அதை "மற்றவை" என்ற பத்தியில் புதைக்க வேண்டாம்.

எடுக்க வேண்டியவை: நர்சிங் சார்ட்டிலிருந்து டிஸ்சார்ஜுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பையில் வந்த அளவு, மில்லிலிட்டரில். 24 மணி நேரத்துக்கு 1500க்கு மேல் என்றால் அதிகப் போக்கு என்று வையுங்கள். சிலர் 2000 என்பார்கள், எதை எடுத்தீர்களோ அதை எழுதுங்கள். "பை ஓடுகிறது" என்று மட்டும் சார்ட்டில் இருந்தால் அதைத் தகவல் இல்லை என்று குறியுங்கள், பூஜ்யம் என்று போடாதீர்கள். டிஸ்சார்ஜ் அன்று கிரியாட்டினின், முதல் விசிட்டில் கிரியாட்டினின், மக்னீசியம் பார்த்தார்களா, சிறுநீர் சோடியம் 20க்குக் கீழே போனதா. லோப்பரமைடு (போக்கைக் குறைக்கும் மருந்து) எந்த அளவில், எப்போது: 4 மில்லிகிராம் வீதம் நாளுக்கு நாலு தடவை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்று எழுதியிருந்தார்களா, அல்லது "தேவைப்பட்டால்" என்று விட்டார்களா. இந்த ஒரு வார்த்தை எத்தனை பேரைத் திரும்ப வார்டுக்குக் கொண்டுவருகிறது என்று உங்கள் ஆய்வு காட்டினால் பெரிய உபகாரம்.

என்ன குடிக்கச் சொன்னார்கள் என்பதையும் பாருங்கள். அதிகப் போக்கு உள்ளவர் தாகம் என்று வெறும் தண்ணீர், ரூய்பாஸ் டீ என்று லிட்டர் கணக்கில் குடித்தால் சிறுகுடலில் உப்பு இன்னும் வெளியேறி, போக்கு கூடும், தாகமும் கூடும். வெறும் நீரை நாளுக்கு அரை லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டரில் நிறுத்தி, மீதிக்கு உப்புக் கரைசல் கொடுக்க வேண்டும்: ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம். குளிரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. டிஸ்சார்ஜ் சம்மரியில் "நிறைய தண்ணீர் குடிக்கவும்" என்று இருந்தால் அதையும் ஒரு பத்தியாக எண்ணுங்கள், கோபத்தோடுதான் சொல்கிறேன்.

மறு சேர்க்கை எந்த மாதத்தில் என்று போட்டுப் பாருங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை டர்பன் வெக்கையில் வியர்வையிலேயே உப்பு போகிறது. பையின் ஒட்டும் வேஃபரும் சீக்கிரம் கழன்றுவிடும். நம் ஆட்களுக்கு தைப்பூசக் காவடி விரதமும் அந்த வெயிலில்தான் வருகிறது. புதிதாக இலியோஸ்டமி வைத்தவரிடம் விரதம் பற்றிக் கேட்டு எழுதும் டாக்டரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முதல் ஆறு எட்டு வாரத்தில் மீலி (மக்காச்சோளம்), கொட்டை வகை, காளான் சரியாக மெல்லாமல் சாப்பிட்டு அடைத்துக்கொண்டு வருவதையும் ஒட்டுத்தழும்பு அடைப்பையும் ஒரே குறியீட்டில் போடுகிறார்கள். ஃபைலில் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள்.

தோலுக்கு டெட் மதிப்பெண் உண்டு, 0 முதல் 15 வரை. நிறமாற்றம், தோல் அரித்துப் புண்ணாவது, திசு மிகுதி மூன்றையும் பரப்பு, கடுமை பார்த்துப் போடுவது. பழைய ஃபைல்களில் இருக்காது. அதற்குப் பதிலாக ஸ்டோமாவின் உயரம் எழுதியிருக்கிறதா பாருங்கள். இலியோஸ்டமி தோலுக்கு மேல் 2 முதல் 3 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். தட்டையாக இருந்தால் கழிவு வேஃபருக்கு அடியில் நுழைந்து தோலை அரிக்கும். அறுவைக்கு முன் இடம் குறித்தார்களா, இல்லையா: அவசர கேஸில் பெரும்பாலும் இல்லை. தற்காலிகம் என்று வைத்த பையை எப்போது மூடினார்கள் என்பதும் வேண்டும்.


உம்கேனிக்கரை எழுதியது:

அக்கா, மிக்க நன்றி, இந்தப் பக்கத்தை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கேள்வி மிச்சம். குரோனில் நோய் திரும்புவதை எப்படி எண்ணுவது? ஃபைலில் இனம் என்ற பத்தி இருக்கிறது, அதை வைத்து இந்தியர்களுக்கு ஐபிடி கூடுதல் என்று ஏதாவது சொல்லலாமா?


தையல்காரன் எழுதியது:

திரும்புதல் மூன்று விதம், மூன்றையும் கலக்காதீர்கள். கொலனாஸ்கோபியில் தெரிவது, நோயாளிக்குத் தொந்தரவாக வருவது, மறுபடி வெட்ட வேண்டி வருவது. முதலாவதுக்கு ரட்கீர்ட்ஸ் மதிப்பெண், ஐ0 முதல் ஐ4 வரை. ஐ2இலிருந்து மேலே போனால் திரும்பியதாகக் கணக்கு. ஐ2வை இணைப்பில் மட்டும் புண் இருந்தால் ஐ2ஏ என்றும், அதற்கு மேல் இலியத்திலும் இருந்தால் ஐ2பி என்றும் பிரித்து எழுதுங்கள். இணைப்பின் மேல் இருக்கும் சின்னப் புண் அங்கே போட்ட ஸ்டேப்பிள்களாலும் வரலாம்.

6 முதல் 12 மாதத்துக்குள் எத்தனை பேருக்குக் கொலனாஸ்கோபி நடந்தது என்பதே தனி விளைவு. போசர் ஆய்வில், 2015இல், 6ஆம் மாதம் உள்ளே பார்த்து அதற்கேற்ப மருந்தைக் கூட்டியவர்களில் 18ஆம் மாதம் திரும்பியது 49 சதம், பார்க்காமல் விட்டவர்களில் 67 சதம். உங்கள் இடத்தில் தொந்தரவு உள்ளவர்களுக்கு மட்டும் கொலனாஸ்கோபி நடந்திருந்தால் திரும்பும் விகிதம் ஊதிப் பெரிதாகத் தெரியும். அந்த நிலையில் மறு அறுவையை மட்டும் முக்கிய விளைவாக வையுங்கள், அதை யாரும் மறைக்க முடியாது. புகைப்பழக்கம் அறுவை நாளில் மட்டுமில்லாமல் பிறகும் தொடர்ந்ததா என்று தேடுங்கள். தொடர்ந்தவருக்குத் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பு.

அறுவை என்றாலே தோல்வி என்று மேற்பார்வையாளர் எழுதச் சொன்னால் லிரிக் ஆய்வைக் காட்டுங்கள். இலியத்தின் முனையில் மட்டும் குரோன் உள்ள 143 பேரை, லேப்பராஸ்கோபியில் வெட்டுவது, இன்ஃப்ளிக்சிமாப் போடுவது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு வருடத்தில் வாழ்க்கைத்தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நீண்ட காலம் பார்த்ததில் மருந்துப் பக்கம் 48 சதம் பேருக்குக் கடைசியில் குடலை வெட்ட வேண்டி வந்தது. அறுவைப் பக்கம் 26 சதம் பேருக்கு டிஎன்எஃப் தடுப்பி தேவைப்பட்டது, இரண்டாவது வெட்டு யாருக்கும் தேவைப்படவில்லை.


எண்சுவடி எழுதியது:

இனப் பத்தி: உங்கள் மருத்துவமனைக்கு யார் வருகிறார்கள் என்பதைத்தான் அது சொல்லும். எத்தனை லட்சம் பேரிலிருந்து இந்த எழுபது பேர் வந்தார்கள் என்ற கீழ் எண் கையில் இல்லாதபோது "கூடுதல்" என்ற சொல்லே வரக்கூடாது. விவரிக்கும் அட்டவணையில் போடுங்கள், விளைவோடு கோக்காதீர்கள். கோத்தால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார், அறிகுறி தொடங்கி எத்தனை மாதம் கழித்து வந்தார் என்ற இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஐந்துக்குக் கீழ் உள்ள எண்களை அட்டவணையில் மறையுங்கள். "இந்தியப் பெண், 19 வயது, பவுச் அகற்றியவர்" என்று ஒரு வரி போதும், செட்ஸ்வொர்த்தில் (நம் இந்தியர் அதிகம் வாழும் டர்பன் பகுதி) பாதித் தெருவுக்கு யாரென்று தெரிந்துவிடும். தனிநபர் தகவலைக் காக்கும் பொப்பியா சட்டப்படியும் அது வம்பு. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, மாகாண சுகாதாரத் துறையின் அனுமதி, மருத்துவமனை மேலாளரின் கடிதம் மூன்றும் கையில் வரும் வரை ஒரு ஃபைலையும் திறக்காதீர்கள்.

ரெட்கேப்பில் (ஆய்வுத் தகவல் சேர்க்கும் மென்பொருள்) படிவம் கட்டியதும் முதலில் பத்து ஃபைலை நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாக நிரப்புங்கள். வயிற்றுள் தொற்றுச் சிக்கல், கிளேவியன் தரம், அவசரமா இல்லையா இந்த மூன்றிலும் இருவர் பதிலும் எங்கே பிரிகிறது என்று பார்த்து, வரையறையைத் திருத்தி எழுதிய பிறகு மீதி அறுபதுக்குப் போங்கள். அந்தப் பத்தையும் புது வரையறையில் மறுபடி நிரப்ப வேண்டும்.


பைக்கட்டு எழுதியது:

படிவத்தில் பையின் அளவுக்கு "தகவல் இல்லை" என்று தனிக் கட்டம் வைக்க மறக்காதீர்கள் தம்பி. காலியாக விட்டால் மென்பொருளில் ஏற்றும்போது யாராவது பூஜ்யமாக மாற்றிவிடுவார்கள்.